ஒழுக்கம் தொண்ணூற்றொன்று

அர்த்தநாரியின் வயிறு முதன்முதலாக வாய் திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு. பசி வந்தால் எல்லார் வயிறும் ஏதாவது சொல்லும்; நான் அதைச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் "சேலம் செல்லும் பயணிகள் கவனத்திற்கு" என்று ஒரு அம்மா அறிவிப்பாரே, அந்தக் குரலில், நல்ல தமிழில், ஒரே ஒரு பிழையோடு பேசியது. அந்த ஒரு பிழை ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்தது.

அர்த்தநாரிக்கு நாற்பத்தாறு வயது. திருச்செங்கோட்டுக்காரர், தமிழாசிரியர். பதினோரு வருடத்துக்கு முன்பு, நாமக்கல் பக்கம் வெற்றிப்படி உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஆசிரியர்களுக்கு நடந்த மருத்துவ முகாமில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் இந்த இடத்திலேயே கதையை மூடிவைத்துவிட்டு வேறு ஜோலியைப் பார்க்கலாம். சர்க்கரை வந்தவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. முகாம் காகிதம் போகக் கூடாத மேசைக்குப் போனது, "நிர்வாகக் காரணங்களுக்காக" என்று எழுதி அவரை வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டு, தனி அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றில், அவர் மாதாமாதம் மாத்திரை வாங்கும் மையத்துக்கு ஒரு புதுச் சாமான் வந்தது. நர்ஸ் ரோஸ்லின் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பார்ப்பதற்குப் பாசிப்பயறு மாதிரி இருந்தது.

"இத முழுங்கிருங்க சார். குடல் சுவத்துல போய் ஒட்டிக்கும். உள்ள நடக்கறத ஒட்டுக்கேட்டு, இந்தப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி உங்களுக்குத் தமிழ்ல சொல்லும்."

"வைரஸ்தான் டெஸ்ட்ல தெரியவே இல்லைன்னு சொன்னீங்களே சிஸ்டர். அப்பறம் ஒட்டுக்கேக்க என்ன இருக்கு?"

"வைரஸை மாத்திரை படுக்கப் போட்டிருச்சு. ஆனா நீங்க மாத்திரை ஆரம்பிச்சதே லேட்டு. அதுக்குள்ள அது தன் வேலையக் காட்டிருச்சு. ஒடம்புல இருக்கற சிப்பாய்ங்கள்ல பெரும்பாலானவங்க எங்க இருக்காங்க தெரியுமா? குடல்ல. வைரஸ் வந்த மொத மாசமே அங்கதான் போய் அடிக்கும்."

"சரி."

"அந்தச் சிப்பாய்ங்கதான் குடல் சுவத்துல இருக்கற செல்லுக்கெல்லாம் 'கையக் கோத்துட்டு நில்லுங்க'ன்னு சேதி அனுப்பிட்டே இருப்பாங்க. ஆளு போனா சேதி போச்சு. சேதி போனா கோத்த கை விட்டுப்போச்சு. அந்தச் சந்து வழியா, குடல்ல இருக்கற கிருமியோட துண்டு துணுக்கெல்லாம் ரத்தத்துல ஒழுகும். மிச்சமிருக்கற சிப்பாய்ங்க திருடன் வந்துட்டான்னு சைரன் ஊதுவாங்க. வந்தது வெறும் குப்பைதான். ஆனா சைரன் மட்டும் நிக்காது. வருசக்கணக்கா ஊதி ஊதி, கடைசில இதயத்தக் கெடுத்துரும். எவ்வளவு ஒழுகுதுன்னு காலைல ஒருதடவ, மத்தியானம் ஒருதடவ, நூத்துக்கு இத்தனைன்னு இது சொல்லும்."

அர்த்தநாரி தண்ணீர் குடித்து முழுங்கினார். ரோஸ்லின் பெட்டியை அவர் இடுப்பு வாரில் மாட்டிவிட்டாள். அதில் சத்தத்தைக் குறைக்கிற திருகு இல்லை. நோயாளிக்குக் காது கேட்காமல் போய்விட்டால் யார் பொறுப்பு என்று எவரோ ஓர் அதிகாரி கேட்டாராம்.

மறுநாள் ராக்கியண்ணன் டீக்கடையில் நிற்கும்போதுதான் அது பேசியது.

"வணக்கம். உங்கள் ஒழுக்கம் தொண்ணூற்றொன்று. மிக அதிகம். நீங்கள் உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டியவர்."

பிழை எங்கே என்று அர்த்தநாரிக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மொழிபெயர்த்தவன் "ஒழுக்கு" என்றுதான் எழுதியிருப்பான். கூரை ஒழுகினால் ஒழுக்கு. அதைப் பார்த்த திருத்தும் இயந்திரம், ஏதோ எழுத்து விட்டுப்போயிற்று என்று "ஒழுக்கம்" ஆக்கிவிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஓட்டை வாளியும் ஒழுகும், உத்தமனும் நெறிப்படி ஒழுகுவான். சொல்லித் திருத்தலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் ராக்கியண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இது என்னுங்க மிசினு?"

"ஆஸ்பத்திரியில குடுத்ததுங்க. வயித்துக்குள்ள இருந்து சொல்லுது."

"உள்ளுக்குள்ள இருந்தே சொல்லுதுங்களா? அப்ப பொய்யே வராதே!" ராக்கியண்ணன் அடுப்படிக்குப் போனார். பதினோரு வருடமாக அர்த்தநாரிக்கு மட்டும் தனியாகக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்த மனிதர், கண்ணாடி டம்ளரைக் கழுவி, ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொண்டுவந்து வைத்தார். "தொண்ணூத்தொண்ணு! எங்கூட்டுல எவனும் முப்பதத் தாண்ட மாட்டான். உங்களத்தான் நாங்க இத்தன நாளு தப்பா நெனச்சுப்போட்டோம்."

அர்த்தநாரி அந்த டம்ளரைப் பார்த்தார். பிழையைத் திருத்தவில்லை. டீயைக் குடித்தார். நன்றாக இருந்தது.

சேதி தீப்பிடித்த மாதிரி பரவி, நாலே நாளில் வெற்றிப்படித் தாளாளர் அத்தியப்பன் காரை எடுத்துக்கொண்டு அறைக்கே வந்துவிட்டார். வெளியே அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். எட்டு நாற்பது வரை நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். பெட்டி பேசியதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"சார், பழச மனசுல வெச்சுக்காதீங்க. மனுசன் சொன்னா நம்ப மாட்டனுங்க, மிசினு சொன்னா நம்புவேன். இப்ப நம்ம பள்ளிக்கோடத்துல மார்க்கு இருக்குது, கட்டடம் இருக்குது, முட்டையோட சத்துணவு இருக்குது. ஒழுக்கம் மட்டும் இல்லைன்னு பெத்தவங்க பேசிக்கறாங்க. நீங்க வந்துருங்கோ. தமிழும் எடுங்க, ஒழுக்கமும் எடுங்க. ஒப்பந்தத்துல ஒண்ணே ஒண்ணு, ஒழுக்கம் நாப்பதுக்குக் கீழ எறங்கக் கூடாது. அப்பறம் அந்தச் சீக்குப் பேச்சு மட்டும் வெளிய வேண்டாமுங்க."

அர்த்தநாரி போனார். ஐம்பது பிள்ளைகள் எழுந்து "வணக்கம் ஐயா" என்றார்கள். பதினோரு வருடம் ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒற்றெழுத்துப் போட்ட மனிதர் அவர். அன்று இரட்டைக் கிளவி நடத்தினார். சலசல, கலகல என்று பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போக, மணி அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தார், மறைக்க என்ன இருக்கிறது.

தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தாளாளர் தம் கையாலேயே ஒலிவாங்கியை அர்த்தநாரியின் இடுப்புக்கு நேராகப் பிடிப்பார். தொண்ணூற்றொன்று என்றதும் ஆயிரத்து நானூறு பேர் கைதட்டுவார்கள். ஒருநாள் தொண்ணூற்று மூன்று ஆனது. அன்றைக்கு லட்டு கொடுத்தார்கள்.

அந்த லட்டோடு மையத்துக்குப் போனபோது ரோஸ்லின் அதைத் தொடவே இல்லை.

"சார், உங்களுக்கு என்ன பைத்தியமா? ரெண்டு மாசமா மாத்திரைய மட்டும் ஆள் விட்டு வாங்கிட்டு, வரச்சொன்னா வர மாட்டேங்கறீங்க. சைரன் நிக்காம ஊதுது. உங்க இதயம் அறுபது வயசுக்காரன் இதயமாட்டம் இருக்கு. பூச்சு மருந்து வந்திருக்கு. செத்துப்போன சிப்பாய்ங்க அனுப்ப வேண்டிய சேதியவே மாத்திரையாச் செஞ்சிருக்காங்க. சாப்பிட்டா சுவர்ச் செல்லெல்லாம் மறுபடியும் கையக் கோத்துக்கும்."

"சாப்பிட்டா எண் என்னாகும் சிஸ்டர்?"

"குறையும். குறையறதுக்குத்தான குடுக்கறோம்!"

"அப்ப வேண்டாம்."

நடந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ரோஸ்லின் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "வேலைக்காக உசுர விடுவீங்களா?"

"வேலை மட்டும் இல்ல சிஸ்டர். ஸ்டாஃப் ரூம்ல என் டிபன் பாக்ஸ்ல கையவிட்டு எடுத்துத் திங்கறாங்க. பதினோரு வருசம் கழிச்சு. உங்களுக்கு அது தெரியாது."

ரோஸ்லின் மாத்திரைப் பட்டையை அவர் சட்டைப் பையில் திணித்து அனுப்பினாள்.

அத்தியப்பன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஓர் ஆசிரியருக்குத் தொண்ணூற்று மூன்று என்றால் எண்பது ஆசிரியருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதைத் தயாரிக்கும் கம்பெனியிடம் சொல்லிப் பயறும் பெட்டியுமாக வரவழைத்துவிட்டார். ஆசிரியர்கள் எல்லாரும் வரிசையில் நின்று முழுங்கினார்கள். மறுநாள் காலை எட்டு நாற்பதுக்குப் பள்ளிக்கூடமே ஒரே குரலில் பேசியது. யாருக்கும் ஐந்தைத் தாண்டவில்லை. சுவர் நன்றாக இருக்கிற வயிற்றில் என்ன ஒழுகும்? உடற்பயிற்சி ஆசிரியர் தீர்த்தகிரி தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர், கீரையும் மோரும் தவிர வேறெதுவும் தொடாதவர். அவருடைய பெட்டி எல்லாப் பெட்டியையும்விடத் தெளிவாகச் சொன்னது: "உங்கள் ஒழுக்கம் பூஜ்யம். மிக்க மகிழ்ச்சி."

"அதுல மகிழ்ச்சி வேறயா?" என்றாள் தீர்த்தகிரியின் மனைவி. அவள் அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அன்று சாயங்காலமே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தாளாளரும் ரகசியமாக ஒன்றை முழுங்கியிருந்தார் போலிருக்கிறது. அவர் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டே நடமாடினார், உள்ளே ஏதோ முனகுவது கேட்டது.

ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அர்த்தநாரியிடம் வந்தார்கள். "சார், காலையில என்ன சாப்புடறீங்க?" "எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?" அர்த்தநாரி மழுப்பினார். ஆனால் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் எண் ஏறுகிறது என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தீர்த்தகிரி ஒரு நாளைக்கு ஆறு போட்டார். பூஜ்யம் இருபதாயிற்று, முப்பத்தைந்தாயிற்று. ஐம்பத்தெட்டு வந்த அன்று மைதானத்தில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தாளாளர் பொன்னாடை கொடுத்தனுப்பினார்.

அர்த்தநாரி போய்ப் பார்த்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அம்பத்தெட்டுன்னு வீட்டுக்காரிக்குச் சொல்லியனுப்பினேன். திரும்பி வந்துட்டா சார்" என்று சொல்லி அழுதார். அர்த்தநாரி, நாம் ஒரு டம்ளர் டீக்காக வாயை மூடிக்கொண்டதற்கு இந்த மனிதன் ரத்தம் கக்குகிறானே என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

திரும்பி வந்தால் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை: வருகிற திங்கட்கிழமை மாணவர்கள் அனைவருக்கும் 'ஒழுக்க மாத்திரை', அதாவது அந்தப் பாசிப்பயறு. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் சம்மதக் கையெழுத்து.

நேராகத் தாளாளர் அறைக்குப் போனார்.

"ஐயா, அது ஒழுக்கம் இல்லீங்க, ஒழுக்கு. எழுத்துப் பிழை. என் குடல் ஓட்டை. அதுதான் தொண்ணூத்தி மூணு. உங்களுக்கு எண் கம்மியா இருந்தா நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

அத்தியப்பன் இடுப்புத் துண்டைத் தடவிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்து, வந்த வழியே போய்விட்டது.

"இருக்கட்டுமுங்க சார். ஆனா விளம்பரம் அச்சாயிப் போச்சுங்களே. 'நூறு சதம் ஒழுக்கம்'னு நாலு கலர்ல. அச்சுல வந்ததுக்கப்பறம் அது தப்பில்லீங்க. நீங்க பத்திரிகை திருத்தறவரு, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

சனிக்கிழமை கூட்டத்தில் அர்த்தநாரியைத்தான் பேச அழைத்தார்கள். அவர் கரும்பலகையைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு சொல்லையும் எழுதினார். பிறகு சொன்னார்.

"இத்தன நாளா நீங்க கைதட்டினது என் வயித்துல இருக்கற ஓட்டைக்குத்தானுங்க. அந்த ஓட்டை எச்.ஐ.வி.யால வந்தது. எனக்கு அது பதினோரு வருசமா இருக்குது. அதுக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லீங்க. நல்லா இருக்கற கொழந்தைக்கு எண் பூஜ்யம்னுதான் வரும். வந்தா அதைத் திட்டுவீங்க, அது வலி மாத்திரையத் தேடிப் போகும். கையெழுத்துப் போடாதீங்க."

மண்டபத்துப் பின்வரிசையில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் எழுந்தார்.

"அப்ப அந்த மாத்திரைய முழுங்கினா எங்க புள்ளைக்கும் எய்ட்ஸ் வந்துருமுங்களா?"

"வராதுங்க" என்றார் அர்த்தநாரி. "மாத்திரையால வராது. என்னோட பழகினாலும் வராது."

மூன்று தடவை சொன்னார். யார் கேட்டார்கள்? "வந்துரும்" என்ற சொல் முன்வரிசைக்கு வருவதற்குள் "வந்துருச்சாம்" ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆயிரத்து நானூறு சம்மதக் கடிதமும் கிழிந்து குப்பைக்குப் போயிற்று. பாடுபட்டு அவர் சொன்ன உண்மையை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை; யாருமே சொல்லாத ஒரு பொய் பிள்ளைகளைக் காப்பாற்றியது. நம் ஊரில் நல்லது பாதி இப்படித்தான் நடக்கிறது.

அன்று மத்தியானம், கூட்டம் முடிந்ததுமே அர்த்தநாரி பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நின்று, சட்டைப் பையிலிருந்த பூச்சு மருந்தில் முதல் மாத்திரையை முழுங்கினார்.

நோயைக் காட்டி வேலையை விட்டு எடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அத்தியப்பனுக்கு அது தெரியும். ஒப்பந்தமும் தெரியும். அதனால் பொறுமையாகத் தினமும் ஒலிவாங்கியைப் பிடித்தார். எண்பத்து நாலு. எழுபது. ஐம்பத்தொன்று. எண் இறங்க இறங்க அர்த்தநாரிக்கு மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது, சாப்பாடு ருசித்தது. ஸ்டாஃப் ரூமில் அவர் டிபன் பாக்ஸ் யாரும் தொடாமல் திரும்பி வந்தது. பதினோராவது வாரம் முப்பத்தெட்டு. பத்து மணிக்கு உத்தரவு வந்துவிட்டது: "தங்கள் ஒழுக்கம் தொடர்ந்து சீர்குலைந்து வருவதால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்." அன்றைக்கு நடத்த வேண்டியது ஆகுபெயர். நடத்த விடவில்லை. வாசலுக்கு வந்ததும் அழுதார்.

அடுத்த மாதம் ரோஸ்லின் அந்த உத்தரவை வாங்கிப் படித்தாள். பிறகு அவர் பெட்டியைப் பார்த்தாள். எண் பதினொன்று.

"சார், இந்த மையத்துல இத்தன நல்ல ரிப்போர்ட்ட யாருக்கும் குடுத்ததில்ல. அதுவும் ரப்பர் ஸ்டாம்ப்போட!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனிக்கு எழுதினேன், அந்த வார்த்தைய மாத்தச் சொல்லி. 'பயனாளிகள் இந்தச் சொல்லை மிகவும் விரும்புகிறார்கள், மாற்றும் உத்தேசம் இல்லை'ன்னு பதில் வந்திருக்கு."

"விரும்பறாங்களா? யாரு?"

ரோஸ்லின் கண்ணால் பெஞ்சைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அங்கே முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மாராயி என்று பெயர். முட்டைக் கிடங்கில் வேலை. இளைத்துப்போயிருந்தாள்.

"சார், நீங்க வாத்தியாருங்களா? ஒண்ணு கேக்கோணும். எனக்கு எண்பத்தாறு இருந்துச்சுங்க. பூச்சு மருந்து தின்னதும் எழுபதாயிப் போச்சு. அதனால நிறுத்திப்போட்டனுங்க. சிஸ்டருக்குத் தெரியாது. எங்கூட்டுக்காரரு செத்ததுலருந்து மாமியா என்னைய ஊட்டுக்குள்ளயே விடலீங்க, மாட்டுக் கொட்டாயிலதான் படுக்கை. இந்த மிசினு எண்பத்தாறுன்னதும் உள்ள கூப்புட்டுச் சோறு போட்டாங்க. இப்ப கொறஞ்சா மறுக்கா வெளியதானுங்களே?"

அர்த்தநாரி உத்தரவுக் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் இரண்டு சொல்லையும் பெரிதாக எழுதினார். சுவரை வரைந்தார், சந்தை வரைந்தார், கையைக் கோத்து நிற்கிற செல்லை வரைந்தார். மாராயி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அவர் நடத்தியதிலேயே இத்தனை சீக்கிரம் புரிந்துகொண்ட மாணவி இல்லை.

"எனக்குப் புரிஞ்சுதுங்க. எங்க மாமியாளுக்குப் புரியோணுமே?"

"வாங்க, போயிச் சொல்லலாம். அவங்களுக்குப் புரியலைன்னா என் ரூமுக்குப் பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு. சிஸ்டர்கிட்டச் சொல்லி அதுக்கு ஏற்பாடு பண்ணிக்கலாம்."

ரோஸ்லினிடம் புதிதாக ஒரு பட்டை மருந்து வாங்கிக்கொண்டு இருவரும் பேருந்து ஏறினார்கள். நல்ல கூட்டம். இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று கிடைத்தது. வண்டி இராசிபுரம் சாலையில் திரும்பும்போது மத்தியான அறிக்கைக்கு நேரமாகிவிட்டது. மாராயியின் பெட்டி மாமியார் வீட்டில் இருந்தது; அர்த்தநாரியின் பெட்டி தன் வழக்கமான குரலில், கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்படி சொன்னது.

"வணக்கம். உங்கள் ஒழுக்கம் பதினொன்று. மிகக் குறைவு. மிக்க மகிழ்ச்சி. இப்படியே தொடரவும்."

பேருந்து மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு ஆண், ஒரு பெண், ஒரே இருக்கை. முன்னால் இருந்த பெரியம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏனுங்ணா, இத மிசினு வெச்சு ஊருக்கு வேற சொல்லோணுமா?" என்றார்.

பக்கத்தில் மாராயி எழுந்து வேறு இடம் போய்விடுவாள் என்றுதான் அர்த்தநாரி நினைத்தார். போனாலும் அவர் தப்பு சொல்லியிருக்க மாட்டார்.

மாராயி எழவில்லை. மடியிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஏனுங்க சார், எனக்கும் ஒழுக்கம் இந்தளவுக்குக் கொறையோணும்னா எத்தன மாசமாகுமுங்க?"

"நாலு மாசம்" என்றார் அர்த்தநாரி, அவரும் சத்தமாகவே.